பிட்டும் தயிரும் வடமோடியும்: படுவான்கரை ஊர் ஒன்றின் கணக்குக் கொப்பி

மட்டக்களப்பு வாவிக்குக் கிழக்கே கடலோரமாகக் கிடப்பது எழுவான்கரை. மேற்கே வயலும் காடுமாய் விரிவது படுவான்கரை. கந்தோர், ஆஸ்பத்திரி, கடைத்தெரு எல்லாம் அந்தக் கரையில். நெல்லு, பால், தேன், விறகு எல்லாம் இந்தக் கரையில். 2014இல் மண்முனைப் பாலம் திறக்கும்வரை எங்கள் பக்கத்துச் சனம் வாவியைப் ‘பாதை’யில்தான் கடந்தது. பாதை என்றால் தெருவல்ல, ஆளையும் சைக்கிளையும் ஏற்றி இறக்கும் மிதவை. பாலம் வந்தால் எங்கள் தயிர் சுலபமாகப் பட்டினம் போகும் என்று எல்லோரும் நினைத்தோம். முதலில் வந்து சேர்ந்தது பட்டினத்துப் பணிஸ்தான். ஆட்டோவில் கண்ணாடிப் பெட்டி பூட்டி, பேத்தோவனின் மெட்டை ஒலிபெருக்கியில் இழுத்துக்கொண்டு வரும் சூண் பாண் வண்டி, பின்னேரம் நாலரைக்கு எங்கள் கோயில் வெளியில் நிற்கும். கோதுமை இலங்கையில் விளைவதில்லை. அது எங்கள் பிள்ளைகளுக்கு எங்கே தெரியப்போகிறது?

2023, 2024 இரண்டு வருடங்களில் எங்கள் ஊர் செய்து பார்த்த இரண்டு வேலைகளைத்தான் இங்கே எழுதுகிறேன். முதலாவது, ஊர்ப் பொருளைப் பட்டினத்துக்குக் கொண்டுபோய் விற்பது. அது ஏழு கிழமையில் படுத்துவிட்டது. இரண்டாவது, மட்டக்களப்புக் கூத்தின் இரு பாணிகளில் ஒன்றான வடமோடியை ஊரில் பழகியபோது அதோடு சாப்பாட்டையும் சேர்த்துக் கட்டியது. அது நொண்டி நொண்டியாவது இன்னும் நடக்கிறது. இரண்டுக்கும் கணக்கு எழுதியவன் நான். ஊரின் பெயரை வேண்டுமென்றே விட்டிருக்கிறேன். கொப்பியில் இன்னும் சிலருக்குப் பாக்கி இருக்கிறது.

ஏழு கிழமைக் கடை

2022இல் டீசலுக்கும் காஸுக்கும் நாடே வரிசையில் நின்றபோது எங்கள் ஊரில் அடுப்பு அணையவில்லை. மரவள்ளி இருந்தது, பால் இருந்தது, விறகுக்குக் காடு இருந்தது. பட்டினத்துச் சொந்தக்காரர் சைக்கிளில் பாலம் தாண்டி வந்து அரிசியும் தயிரும் கட்டிக்கொண்டு போனார்கள். வரிசை முடிந்தபின்னும் இவர்கள் வருவார்கள் என்று ஒரு நம்பிக்கை. ஒருவரும் வரவில்லை. சரி, நாங்களே போவோம் என்று 2023 ஆவணியில் சங்கத்துப் பொடியன்கள் கிளம்பினார்கள். சனிக்கிழமை காலை, பட்டினத்தில் வாவியோரமாக ஒரு மேசை. இருபது சட்டி எருமைத் தயிர், தேன், குரக்கன் மா, கூனி, நாலைந்து பன்பாய், கொஞ்சம் மரக்கறி. மேசைக்கு மேலே பொடியன்கள் எழுதிய பலகை. ‘நம்ம ஊர்ச் சாப்பாடு’ என்று வடிவான எழுத்து. படம் எடுத்தவர்கள் அதிகம், வாங்கியவர்கள் குறைவு.

மரக்கறி முதல் கிழமையே அடிபட்டுப் போனது. களுதாவளைப் பக்கத்தில் கிணற்று நீர் பாய்ச்சித் தோட்டமே தொழிலாகச் செய்கிறார்கள். அவர்கள் கத்தரிக்காய்க்கு முன்னால் எங்கள் வேலியோரக் கத்தரிக்காய் விலையிலும் நிற்காது, நிறத்திலும் நிற்காது. தேன் போத்தலைத் தூக்கிப் பார்ப்பவர் எல்லோரும் “சீனிப் பாணி கலந்ததா?” என்று கேட்டார்கள். பன்பாய் ஒன்று விற்றது. வாங்கியவர் வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வந்தவர்.

தயிர்தான் உண்மையான அடி. எங்கள் ஊரில் தயிர் போடும் வீடுகள் நாலு. நாலுக்கும், காக்கா என்று நாங்கள் கூப்பிடும் காத்தான்குடி வியாபாரி ஒருவர் கிழமைக்கு மூன்று தரம் வந்து சட்டி எடுப்பார். முற்பணம் கொடுத்திருப்பார், கலியாண வீடு வந்தால் கூட்டியும் கேட்பார். நாங்கள் இருபது சட்டியை எங்கள் பக்கம் திருப்பியதும் அவருடைய கணக்கு உடைந்தது. நாலாம் கிழமை மழை. பதினெட்டுச் சட்டி ஆட்டோவில் பாலம் தாண்டித் திரும்பி வந்தது. பள்ளத்தில் விழுந்து எழும்பி வந்ததில் தயிர் உடைந்து, மேலே ஒரு விரற்கடை தண்ணீர். பெத்தா ஒருவர், தயிர் போடுவதில் ஊரில் மூத்தவர், ஒவ்வொரு சட்டியாகத் திறந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: “நான் திண்ணையில இருந்தாலும் எடுக்கிறவன் வந்து எடுப்பான் மகன். நீ ஏன் என்ட சட்டியத் தூக்கிட்டு அலையிற?”

அதற்குப் பிறகு மூன்று கிழமை வீம்புக்கு ஓட்டினோம். காக்காவிடம் பெத்தாவே போய்ச் சமாதானம் பேசினார். அவரை வில்லனாக்கி எழுத எனக்கு மனமில்லை. இடைத்தரகர் என்று நாங்கள் கூட்டத்தில் திட்டிய ஆள், மாட்டுக்கு வருத்தம் வந்த மாதமும் முற்பணத்தைத் திருப்பிக் கேட்காதவர். எங்கள் மேசை அப்படி ஒன்றும் செய்யவில்லை.

தயிர் பற்றி ஒரு சொல்

மேசையில் ஏன் தோற்றோம் என்பது பெத்தாவின் அடுப்படிக்குள் போனால்தான் விளங்கும். காலையில் கறந்த பால் வடிகட்டி அகன்ற பானையில் ஏறும். பொங்கி அடங்கி, மேலாடை தடித்து, பால் கொஞ்சம் வற்றும்வரை விறகை இழுத்தும் தள்ளியும் அடுப்புக்குப் பக்கத்தை விட்டு எழும்ப மாட்டார். இறக்கி ஆறவிட்டு, சின்னவிரலை உள்ளே விட்டு மனதுக்குள் எண்ணுவார். பத்துவரை விரல் பொறுத்தால் அதுதான் பதம். முதல்நாள் தயிரில் ஒரு கரண்டி உறை. வெயிலில் காய்ந்த மண்சட்டிகளை வரிசையாக வைத்து ஊற்றி, சாக்கைப் போட்டு மூடிவிட்டால் விடியும்வரை அந்தப் பக்கம் பூனையும் போகக்கூடாது. மாரிக் குளிரில் உறைய இன்னும் நேரம் எடுக்கும். எருமைப் பாலில் கொழுப்பு 7 வீதத்துக்கு மேல், பசுப்பாலில் 4 வீதமளவில். அதோடு சட்டியின் மண் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். அதனால்தான் சட்டியைச் சரித்தாலும் தயிர் அசையாது. அதே தயிரைப் பிளாஸ்டிக் கோப்பையில் ஊற்றினால் அடுத்தநாள் தண்ணீர் விடும்.

ஆக, பால் வெள்ளிக்கிழமை காலை கறக்கப்பட வேண்டும், சனிக்கிழமை எத்தனை சட்டி போகும் என்பது அதற்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். தெருவில் வருகிறவர் வாங்குவார் என்று நம்பிப் போடும் பண்டமல்ல இது.

இன்னொன்றும் இருக்கிறது. மாரி விதைப்புத் தொடங்கினால் வயற்பக்கத்தில் மாட்டுக்கு இடமில்லை. பட்டிகளைத் தூரத்து மேய்ச்சல் தரைக்குச் சாய்த்துக்கொண்டு போக வேண்டும். மயிலத்தமடு, மாதவனை மேய்ச்சல் தரையை மீட்டுத் தரும்படி பண்ணையாளர்கள் சித்தாண்டியில் தெருவோரம் உட்கார்ந்தது 2023 செப்டெம்பரில். எங்கள் மேசை பட்டினத்தில் ஆடிக்கொண்டிருந்த அதே நாட்கள். ‘உள்ளூர்த் தயிர் சாப்பிடுவோம்’ என்று பலகை எழுதிய எங்களுக்கு, அந்தத் தயிரின் மாடு எங்கே மேய்கிறது என்று ஒரு வரி எழுதத் தோன்றவில்லை.

சனிக்கிழமைப் பழக்கம்

2024 மாசியில் அறுவடை முடிந்த கையோடு ஊரில் கூத்துப் பேச்சு எழும்பியது. பாரதக் கதை, வடமோடி, விடியவிடிய ஆடுவது. கூத்துப் பழக்கும் அண்ணாவியார் எங்கள் ஊரவரே. பகலில் சேனைச் சோளம், இரவில் மத்தளம். நல்லநாள் பார்த்துச் சட்டம் கொடுத்தார். அதாவது, இன்னாருக்கு இன்ன பாத்திரம் என்று அவரவர் பாட்டுக் கொப்பியைக் கையில் கொடுத்தார். அதன்பின் ஆனிக் கடைசிவரை கிழமை தவறாமல் சனி இரவுப் பழக்கம். வைகாசியில் கண்ணகை அம்மன் சடங்குக்காக மட்டும் இரண்டு சனி விட்டது.

கூத்துப் பழகும் இடத்தில் யாராவது ஒரு வீடு தேத்தண்ணியும் கடியும் கொடுப்பது எங்கள் ஊர் வழக்கம். சீனியும் பால்மாவும் விலை ஏறியபிறகு அந்த முறை எடுக்க வீடுகள் தயங்கின. முதல் மூன்று கிழமை சங்கக் காசில் சூண் பாண் வண்டியில் பணிஸ் வாங்கினோம். ஆடுபவர் இருபத்தெட்டுப் பேர், மத்தளம், சல்லரி, பக்கப்பாட்டு, அதோடு பார்க்க வரும் நூறு நூற்றைம்பது பேர். காசு பறந்தது. மூன்றாம் கிழமை அண்ணாவியார் பணிஸைக் கையில் வைத்துக்கொண்டு, “இதத் திண்டுட்டு ஆடினா ஆட்டமும் இதப் போலத்தான் பொசுபொசுன்னு இருக்கும்” என்றார். அவர் பகிடிக்குத்தான் சொன்னார். ஆனாலும் அடுத்த கூட்டத்தில் முடிவு எடுத்தோம்: அந்தப் பணிஸ் காசை ஊருக்குள்ளேயே கொடுப்போம்.

கிழமைக்கு மூன்று வீடு. அவித்த மரவள்ளியும் கட்டைச் சம்பலும், தேங்காய்ப்பூ போட்ட பயறு, குரக்கன் பிட்டு, சோளம், கஞ்சி. எது செய்வதென்று அந்தந்த வீடு தீர்மானிக்கும். முக்கியம், இது முறை அல்ல, கூலி. காசு அந்த வீட்டுப் பெண்ணின் கையில் கொடுக்கப்படும். கூத்தருக்குச் சங்கம் கொடுக்கும், பார்க்க வருபவர் வாங்கிச் சாப்பிடுவார். இந்தக் கூலி என்ற சொல்லுக்கு ஊரில் பெரிய எதிர்ப்பு. “கூத்துக்குச் சோறு போட்டுக் காசு வாங்கிறதா?” என்று ஒரு பெரியப்பா கூட்டத்தை விட்டே எழும்பிப் போனார். அவர் வீட்டுப் பிட்டுத்தான் பிறகு ஆகக் கூட விற்றது.

கொப்பி அங்கேதான் பிறந்தது. பழக்கம் பார்க்க வருபவர்களில் பட்டினத்தில் வேலை செய்யும் ஆசிரியர்கள், கந்தோர்க்காரர்கள் பலர். சனி இரவு வந்து ஞாயிறு திரும்புவார்கள். அடுத்த சனிக்கு என்ன வேண்டும் என்று அந்த இரவே எழுதிவிட்டுப் போவார்கள். இரண்டு சட்டி தயிர், ஒரு போத்தல் தேன், ஒரு கிலோ கூனி என்று. வியாழன் பின்னேரம் நான் பெத்தாவிடம் எண்ணிக்கை சொல்வேன். முதல் சனி ஆறு சட்டி, ஆறும் போனது. சித்திரை முடிவில் இருபத்தைந்து. காக்காவுக்குப் போகும் சட்டியில் கைவைக்கவில்லை. மற்ற நாட்களில் பால் சேகரிப்பு வண்டிக்கு லீற்றர் கணக்கில் ஊற்றும் பாலில்தான் எங்கள் சட்டிகள் போடப்பட்டன. ஏழு கிழமை மேசையில் நின்று விற்காத தயிரை, ஆட்டம் பார்க்க வந்தவன் கேட்டு வாங்கிப் போனான். அவன் தயிருக்காக வரவில்லை என்பதுதான் இதில் விசேஷம்.

சட்டிக்கு இருபது ரூபாய் களரிக்கு, அதாவது கூத்தாடும் மேடைக்கு, என்று வைத்தோம். வட்டக்களரிக்கு மண் நிரப்பவும் மேலே வெள்ளைத் துணி கட்டவும் அது உதவியது. வெற்றுச் சட்டியைத் திருப்பித் தந்தால் காசு என்றும் ஒரு திட்டம் போட்டோம். திரும்பி வந்தவை சொற்பம். பட்டினத்து வீடுகளில் எங்கள் சட்டிகளில் ரோசா நிற்பதை நானே பார்த்தேன்.

இரண்டு மூடை நெல்

அரங்கேற்றத்தன்று ஊர் அரிசியில் சோறு போடுவதென்று பேசியபோதுதான் வெட்கம் வந்தது. சுற்றிவர வயல். ஆனால் ஆனி மாதம் ஊருக்குள் தேடினால் நெல் இல்லை. கடையில் தொங்குவது வேறு மாவட்டத்து ஆலையின் பெயர் அச்சடித்த பை.

காரணம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். விதைநெல், உரம், மருந்து, உழவு, வெட்டு மெசின் எல்லாம் கடன். மெசின் ஒரு பக்கத்தால் நெல்லைக் கொட்டும்போதே மறுபக்கத்தில் லொறி நிற்கும். ஈர நெல்லை அந்த இடத்திலேயே நிறுத்துக் கொடுத்துவிட்டுக் கடனைக் கட்டுவோம். 2021இல் இரசாயன உரத்தைத் தடுத்து, விளைச்சல் விழுந்த போகங்களின் கடன் சில வீடுகளில் இன்னும் தீரவில்லை. வெளியாட்களுக்குத் தெரியாத காரணம் ஒன்றும் உண்டு: யானை. வீட்டுக்குள் நெல் இருந்தால் வாசம் பிடித்து வந்து சுவரை உடைக்கும். நாலு மூடையைக் காக்கப்போய் வீட்டையே இழந்தவர்கள் எங்கள் பக்கத்தில் இருக்கிறார்கள். அப்படியிருக்க யார் நெல்லைப் பிடித்து வைப்பது?

நல்ல காலமாக, பங்குனியில் அண்ணாவியார் சொல்லி இரண்டு மூடை பச்சைப்பெருமாள் நெல்லைச் சங்கம் வாங்கி வைத்திருந்தது. கூத்துக்கல்ல, கோயில் பொங்கலுக்கு. அதை எடுத்து அவித்துக் காயவைத்து, சின்ன ஆலை ஒன்றில் குற்றினோம். பெரிய ஆலைக்கு இரண்டு மூடையை எடுத்துக்கொண்டு போனால் ஏற இறங்கப் பார்ப்பார்கள். அரிசி கொஞ்சம் உடைந்தது. அரங்கேற்றத்தன்று கூத்தருக்கும் அவர்கள் வீட்டாருக்கும் மத்தியானச் சோறு அதுதான். வந்த சனம் முழுவதற்கும் போட அது எங்கே காணும்? மற்றவர்கள் சாப்பிட்டது கடை அரிசி. இதைப் பலகையில் எழுதவில்லை, கொப்பியில் எழுதினேன்.

ஒரு ஊர் தன் நெல்லைத் தானே சாப்பிடுவது நாக்கிலோ மனதிலோ தீர்மானமாகும் விஷயம் என்று முன்பு நினைத்திருந்தேன். பங்குனியில் கையில் காசும், மழைக்கும் யானைக்கும் தாங்கும் ஒரு அறையும் வேண்டும். அவ்வளவுதான்.

அரங்கேற்ற இரவு

1960களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் கூத்தைப் படித்தவர்களின் மேடைக்குக் கொண்டு வந்தார். இரவு முழுக்க ஆடியது அங்கே சில மணி நேரமாகச் சுருங்கியது. அதனால் கூத்துக்கு மரியாதை கிடைத்தது, மறுக்க முடியாது. பிறகு மட்டக்களப்புச் சீலாமுனையில் சி. ஜெயசங்கரும் ஊராருமாக, கூத்தை அதன் களரியிலேயே வைத்து மீளுருவாக்கம் செய்தார்கள். ஆனால் ஒன்று, மண்டபத்தில் ஒன்றரை மணிக் கூத்துக்கு யாரும் பிட்டு அவிப்பதில்லை. முடிந்ததும் எல்லோரும் வீட்டுக்குப் போய்ச் சாப்பிடலாம். விடியவிடிய ஆடும் கூத்துக்குத்தான் அடுப்பு வேண்டும், பாய் வேண்டும், தேத்தண்ணி வேண்டும், பிள்ளையைத் தூங்கவைக்க ஒரு மூலை வேண்டும்.

ஒன்பதரைக்கு, ராசா வரவை அறிவிக்கும் கட்டியகாரன் வந்தான். அதற்குமுன் அந்த வாரம் மட்டும் தொண்ணூறு சட்டிக்கு மேல் எழுதியிருந்தோம். பெத்தாவோடு மூன்று வீடும் சேர்ந்து இரண்டு நாள் பால் காய்ச்சின. சட்டி போதாமல் வனைபவர் வீட்டுக்கு மூன்று தரம் ஓடினேன். அவர் விலையைக் கூட்டினார். கூட்டியது நியாயம், விறகும் களிமண்ணும் அவருக்கும் காசுதான். எழுவான்கரையிலிருந்து பன்பாய் முப்பது வந்தது. இழைத்த பெண்களில் இருவர் தாங்களே கொண்டுவந்து, இருந்து பாதிக் கூத்தும் பார்த்துவிட்டுப் போனார்கள். கச்சான், அவித்த சோளம், இளநீர், மோர். மீன் இல்லை. வாவிக்கு இரவில் வலை போடுபவர் பிடித்ததை விடியற்காலையே வியாபாரிக்குக் கொடுத்துவிடுவார். அந்த நேரத்தை எங்களால் மாற்ற முடியவில்லை. அதனால் கூனிச் சம்பலோடு நிறுத்திக்கொண்டோம்.

இரண்டு மணியளவில் ராசா வேசக்காரன் உள்ளே வந்தான். கரப்புடுப்புப் போட்டால் இடுப்பைச் சுற்றி வளையம் கட்டிய பாவாடை மாதிரி நிற்கும். கதிரையில் உட்கார முடியாது. தோள்களிலே புசக்கட்டை என்னும் அணி. நின்றபடியே வாயைத் திறந்தான். அவனுடைய அம்மா குரக்கன் பிட்டில் தயிரையும் வாழைப்பழத்தையும் பிசைந்து, முகப்பூச்சில் படாமல் ஊட்டினார். நாலு வாய். வெளியே மத்தளம் மாறியது. “காணும்மா” என்று முழுங்கிக்கொண்டே ஓடினான். அம்மா கையைக் கழுவாமல் களரிப் பக்கம் எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றார்.

கொப்பியில் உள்ளது

செலவுப் பக்கத்தைப் புரட்டினால் மகிழ்ச்சி கொஞ்சம் குறையும். ஒலிபெருக்கி, லைட், ஜெனரேட்டர் வாடகை, சாப்பாட்டுச் செலவு முழுவதையும் விடக் கூடுதல். அதெல்லாம் பாலம் தாண்டிப் போனது. போத்தல் தண்ணீரும் அப்படியே. தேத்தண்ணிக்குத் தேயிலை மலையகத்துது என்று யாரோ குறை பிடித்தார்கள். அதையும் குறையாக எழுதினால் நாங்கள் கொத்தமல்லி அவித்துக் குடித்துக்கொண்டுதான் கூத்துப் பார்க்க வேண்டும்.

பெண்களின் கணக்கு வேறு. பழக்கம் தொடங்கிய இரண்டாம் மாதம் மரவள்ளி அவித்த அக்கா ஒருவர் என்னிடம் நேராகவே கேட்டார்: “ஆடுறதும் அவங்கள், பார்க்கிறதும் அவங்கள். புகை மட்டும் எங்களுக்கா?” கூலி கிடைத்தது உண்மை, ஆனால் அடுப்படியிலிருந்து களரி தெரியாது. அதன்பின் எட்டு மணிக்குமுன் சமையல் முடிய வேண்டும், பரிமாறுவது சங்கத்துப் பொடியன்கள் என்று மாற்றினோம். பொடியன்கள் கஞ்சியை ஊற்றிய விதத்தை எழுதினால் அது தனி ஆய்வு. பெண் பாத்திரங்களை ஆண்களே ஆடும் வழக்கம் எங்கள் ஊரில் மாறவில்லை. கல்லடியில் விபுலாநந்தர் பெயரிலுள்ள அழகியற் கற்கைகள் நிறுவகத்தில் படிக்கும் எங்கள் ஊர்ப் பிள்ளை ஒருத்தி பக்கப்பாட்டுக்கு இருந்தாள். அதற்கே நாலு கூட்டம் நடந்தது.

தயிர் வீடு நாலுக்கும் அந்த மாதங்களில், வண்டிக்குப் பாலாக ஊற்றியிருந்தால் கிடைத்ததைவிடக் கூட வந்தது. அண்ணாவியாருக்கு வழக்கமான வேட்டி சால்வையோடு களரிக் காசில் மிஞ்சியதையும் கொடுத்தோம். அவர் அதில் விதைச்சோளம் வாங்கினார். கூத்து முடிந்து வீட்டுக்கு வீடு ஆடியதும் சனிக்கிழமைக் கூட்டம் கலைந்தது. கொப்பியில் எழுதுபவர் பதினொரு குடும்பமாகக் குறைந்தார்கள். இப்போது வாட்ஸ்அப்பில் எழுதுகிறார்கள். ஐப்பசியில் மாடு மேய்ச்சலுக்குப் போனதும் ‘தயிர் இல்லை’ என்று போட்டேன். “எப்போ வரும்?” என்று கேட்டவர்களுக்கு “மாடு வந்தால்” என்று பதில். இரண்டு பேர் குழுவிலிருந்து விலகிவிட்டார்கள்.

அடுத்த பங்குனியில் சங்கம் ஐந்து மூடை பிடித்தது. நூலகக் கட்டடத்தின் பின்னறைதான் ஊரில் பலமான சுவர் உள்ள இடம், பத்திரிகைக் கட்டுகளைத் தள்ளிவிட்டு அங்கே அடுக்கினோம். இரவுக் காவலுக்கு முறை போட்டிருக்கிறோம். யானை வெடி இரண்டும் டோர்ச்சும் மேசை லாச்சியில். இந்தக் கிழமை முறை கட்டியகாரனாக ஆடியவனுக்கு. நேற்றிரவு பதினொரு மணிபோல் அந்தப் பக்கம் போனேன். வாசலில் பன்பாயைப் போட்டுப் படுத்துக்கொண்டு, இருட்டைப் பார்த்து ராசா வரவுப் பாட்டைச் சத்தமாக எடுத்துக்கொண்டிருந்தான். “யானைக்கு ஆள் இருக்கிற சத்தம் கேட்டாக் காணும் அண்ணே” என்றான்.